கோலத்தில் எழுதிய பாஸ்வேர்டு

வாசல் கோலத்தில் என்னவெல்லாம் எழுதலாம்? நல்வரவு எழுதலாம். பொங்கல் வாழ்த்து எழுதலாம். மார்கழி என்றால் பூசணிப்பூவும் வைக்கலாம். ஒரு பல்கலைக்கழகத்தின் வயர்லெஸ் இணையத்துக்கான பாஸ்வேர்டை எழுதலாமா?

எழுதினார்கள். எங்கள் பல்கலைக்கழகத்தின் பிரதான வாசலில், மயில் தோகைக்குக் கீழே, மஞ்சள் பொடியில், தூரத்திலிருந்தே படிக்கும்படியான எழுத்துகளில். அதுவும் சென்ற பௌர்ணமி அன்று.

திருவண்ணாமலைக்குப் பௌர்ணமி என்றால் என்ன என்று இந்தப் பத்தியை வாரந்தோறும் படிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. புதியவர்களுக்காக ஒரு செய்தி மட்டும்: எங்கள் வாசல் கிரிவலப் பாதையைப் பார்த்து இருக்கிறது. மலையைச் சுற்ற வரும் அத்தனை பேரும் அந்தக் கோலத்தைக் கடந்துதான் போக வேண்டும்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

எங்கள் வளாகத்தில் வயர்லெஸ் இணைப்பு உண்டு. மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஆளுக்கொரு யூசர் நேம் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் விருந்தினருக்கு? அதை முடிவு செய்பவர் பானுமதி மேடம். நெட்வொர்க் பொறுப்பு முழுவதும் அவருடையது.

அவருடைய சர்வர் ரூமுக்குள் செருப்போடு நுழையக் கூடாது. தூசு ஆகாதாம். உள்ளே ஏ.சி. குளிர். இரும்பு அலமாரியில் பச்சை விளக்குகள் சிமிட்டிக்கொண்டிருக்கும். அதன் நெற்றியில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் இன்னும் அழியவில்லை. வெறுங்காலோடு அதன் முன்னால் நிற்கும்போது, கை தானாகக் குவியும். ஒரு முறை எனக்குக் குவிந்தது. மேடம் கவனிக்கவில்லை என்றுதான் நம்புகிறேன்.

விருந்தினர் யாராக இருந்தாலும் அவர் கேட்பவை மூன்று கேள்விகள். யாரு? யார் கூப்ட்டு வந்தீங்க? எது வரைக்கும்? பதில்களைக் கணினியில் தட்டுவார். ஒரு சிறிய துண்டுச்சீட்டு அச்சாகி வரும். அதில் விருந்தினரின் பெயரில் ஒரு யூசர் நேம், ஒரு பாஸ்வேர்டு, அது காலாவதியாகும் நேரம். அழைத்தவர் ஒருவர் பொறுப்பேற்காமல் அந்தச் சீட்டு யாருக்கும் கிடைக்காது. துணைவேந்தரின் மைத்துனருக்கே கிடைக்கவில்லை என்று வளாகத்தில் ஒரு பேச்சு உண்டு. உண்மையா என்று மேடத்திடம் கேட்கும் தைரியம் எவருக்கும் வரவில்லை.

பௌர்ணமி அன்று எங்கள் தமிழ்த்துறையின் கருத்தரங்கு. முதல் நாள் எங்கள் துறைத்தலைவர் சர்வர் ரூமுக்குப் போனார். வரவேற்புக் குழுவில் இருந்ததால் நானும் உடன் போனேன். ஐயா தூய தமிழில்தான் பேசுவார். டீக்கடையிலும் அப்படித்தான்.

"அம்மா, நாளை வருபவர்கள் பெரியவர்கள். நூல்கள் எழுதியவர்கள். அவர்களை நிறுத்திப் பெயர் கேட்பதா? நம் விருந்தோம்பல் என்ன ஆவது?"

"பேர் கேக்கறது மரியாதக் கொறச்சலா சார்? எங்க ஊரு பக்கம் பேரு கேக்காம அனுப்புனாத்தான் கோச்சிக்குவாங்க."

"ஒரே கடவுச்சொல் போதும் அம்மா. எல்லோருக்கும் பொதுவாக."

"பொதுனா நெஜமாவே எல்லாருக்கும் பொதுவாயிடும் சார்."

"அதைத்தானே கேட்கிறேன்!"

மேடம் திரையின் பக்கம் திரும்பினார். "சரி சார். நாளைக்கி ஒரு நாளுக்கு மட்டும். என்ன வார்த்தை வெக்கட்டும்?"

ஐயா யோசிக்கவே இல்லை. வணக்கம். அதை ஆங்கில எழுத்துகளில் அமைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று.

"இதைவிட எளிய சொல் உண்டா?" என்றார் ஐயா.

"இல்ல சார். அதான் எனக்கு பயம்."

மறுநாள் பிற்பகல். கருத்தரங்கு நடந்துகொண்டிருந்தபோது கலைச்செல்வி அக்கா வந்தார். எனக்குச் சீனியர், எம்.ஃபில். முடித்துவிட்டுப் போனவர். செங்கம் பக்கம் ஒரு கிராமம். மல்லாட்டை பயிரிடும் குடும்பம் – உங்களில் சிலர் வேர்க்கடலை என்பீர்கள். அக்காவோடு அவருடைய அப்பாவும் வந்திருந்தார், இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில்.

அக்காவுக்கு நேர்முகத் தேர்வு. ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பிக்கும் வேலை. தேர்வாளர்கள் அங்கே, அக்கா இங்கே, நடுவில் இணையம். முந்தைய வாரம் டவுனில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பேசிப் பார்த்திருக்கிறார். படம் உறைந்து நின்றிருக்கிறது. குரல் துண்டு துண்டாகப் போயிருக்கிறது. அவர்கள் மரியாதையாகத்தான் சொன்னார்களாம்: இன்னும் ஒரே ஒரு முறை முயல்வோம், அப்போதும் பேச முடியாவிட்டால் அடுத்தவரை அழைத்துக்கொள்வோம் என்று.

அந்த ஒரே ஒரு முறைதான் அன்று மாலை நாலரை மணி.

"நல்லாப் படிச்சிருக்குது, நல்லாப் பேசும்" என்றார் அப்பா என்னிடம். "ஆனா இது பேசறது அவங்களுக்கு கேக்கணும் இல்ல பாப்பா? அது கேட்டாப் போதும் எனக்கு."

அக்காவின் பழைய யூசர் நேம் அவர் படிப்பை முடித்தவுடனே மூடப்பட்டிருந்தது. சர்வர் ரூமுக்கு அழைத்துப் போனேன். செருப்புகளைக் கழற்றினோம்.

"யாரு?" என்றார் மேடம்.

அக்காவின் முகம் மாறியது. "மேடம், நான் கலைச்செல்வி. இங்கதான படிச்சேன். உங்களுக்கே தெரியும்."

"தெரியும். முழுப் பேரு சொல்லுங்க."

சொன்னார்.

"யார் கூப்ட்டு வந்தீங்க?"

"நான் படிச்ச எடத்துக்கு என்னை யாரு கூப்டணும்? ஒரு பொது பாஸ்வேர்டு குடுத்துருக்கீங்களாமே, வணக்கம்னு. அதையே போட்டுக்கறேன். எதுக்கு இத்தனை கேள்வி?"

"அது செமினாருக்கு. உங்களுக்கு இன்டர்வியூ. தனியாத்தான் தருவேன், கேட்டுட்டுத்தான் தருவேன்."

ஆசிரியர்கள் அனைவரும் அரங்கில் இருந்தார்கள். அப்பா வெளியே நின்றார், அறையில் இருந்தது நாங்கள் மூவர்தான். "நான்தான் கூப்ட்டேன் மேடம்" என்றேன். பொதுவாக என் குரல் பக்கத்து நாற்காலிக்கு மேல் போகாது. அன்று எனக்கே சற்றுச் சத்தமாகக் கேட்டது.

"எது வரைக்கும்?"

"அஞ்சு மணிக்குள்ள முடிஞ்சிடும்" என்றார் அக்கா.

"ஆறுனு போடறேன்."

வெளியே வந்து செருப்பை மாட்டும்போது அக்கா முணுமுணுத்தார்: "தாலுகா ஆபீஸ் தோத்துது. கெஸ்ட்டாமே நானு!" எனக்கும் அந்த நேரத்தில் அது சரியாகத்தான் பட்டது. தெரிந்த ஒருவரிடம் தெரியாதவர்போலப் பெயர் கேட்பது என்ன முறை?

மொழி ஆய்வகத்தில் லேப்டாப்பைத் திறந்து வைத்துச் சோதித்துப் பார்த்தோம். ஒரு சாதாரண இணையப் பக்கம் பாதி வந்து நின்றது. மறுபாதிக்காகக் காத்திருந்தோம். வரவில்லை. மீண்டும் திறந்தோம். அந்தப் பாதியும் வரவில்லை. அக்கா புடவைத் தலைப்பின் நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். வாசலில் நின்ற அப்பா, "அன்னிக்கி மாதிரியே ஆவுதா?" என்று மெதுவாகக் கேட்டார்.

நான் ஓடினேன். என்னை அறிந்தவர்கள் இந்த வாக்கியத்தை நம்ப மாட்டார்கள்.

சர்வர் ரூமில் ஐயா ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். அரங்கில் சிறப்பு விருந்தினர் காட்டிக்கொண்டிருந்த கல்வெட்டுப் படங்கள் திரையில் வராமல் நின்றுவிட்டனவாம்.

"செமினாருக்கு எத்தனை பேர் சார் வந்துருக்காங்க?" மேடம் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"ஒரு நாற்பது பேர் இருப்பார்கள்."

"வணக்கத்துல முந்நூறு பேரு இருக்காங்க. ஏறிக்கினே போவுது."

"முந்நூறா! நம் கருத்தரங்குக்கா?" – ஒரு கணம், ஒரே ஒரு கணம், ஐயாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

மேடம் எழுந்தார். மூவரும் வாசலுக்குப் போனோம்.

பௌர்ணமி அன்று எங்கள் ஊரில் செல்போன் டவர் கிடைக்காது என்பது உங்களுக்குத் தெரியும். அத்தனை பேரின் போனும் ஒரே மலையைச் சுற்றினால் எந்த டவர்தான் தாங்கும்? அப்படிப்பட்ட நாளில், எங்கள் காம்பவுண்டுச் சுவர் நெடுக மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ரமணாசிரமம் பக்கத்து அறைகளில் தங்கும் வெளிநாட்டினர், மடியில் லேப்டாப்போடு. பெங்களூரிலிருந்து கிரிவலத்துக்கு வந்த மென்பொருள் இளைஞர்கள். ஒரு குடும்பம் முழுவதும் ஒரே திரையைச் சுற்றிக் குனிந்து, அமெரிக்காவிலிருக்கும் மகனுக்கு மலையைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தது. கோலத்தைச் சுற்றி இன்னும் சிலர், எழுத்துகளைப் பார்த்துப் பார்த்துப் போனில் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, இதுல எப்பிடி வந்தீங்க?" என்று ஓர் இளைஞனைக் கேட்டார் மேடம்.

"நல்வரவுன்னு போட்டு பாஸ்வேர்டும் குடுத்துருக்கீங்களே மேடம்! இந்த மாதிரி ஒரு யூனிவர்சிட்டிய நான் பாத்ததே இல்ல. சூப்பர் மேடம்!"

அந்த இளைஞன் கை கொடுக்க நீட்டினான். மேடமும் கொடுத்தார். வேறென்ன செய்வது?

கோலம் போட்டவள் முதலாண்டு மாணவி தீபா. விருந்தினர் யாரும் யாரிடமும் கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது; வாசலை மிதித்தவுடனே தெரிந்துவிட வேண்டும் – இதுதான் அவளுடைய எண்ணம். விடியற்காலையில் எழுந்து, தோழிகளோடு சேர்ந்து போட்டிருக்கிறாள். விஷயம் புரிந்ததும் அவள் கண்கள் நிறைந்துவிட்டன. அதற்குள் செக்யூரிட்டி அண்ணன் ஒரு பக்கெட் தண்ணீரோடு வந்துவிட்டார்.

"அண்ணா, வேணாண்ணா! விருந்தாளிங்க உள்ள இருக்கும்போது வாசக் கோலத்த யாராச்சும் கழுவுவாங்களா? அதுவும் பௌர்ணமியும் அதுவுமா!"

"நீ சும்மா இரும்மா. ஊரையே கூட்டி வெச்சிட்டு…"

"ஊத்தாதீங்கண்ணா" என்றார் மேடம். "தரையில கழுவலாம். பாத்துட்டுப் போனவங்க மண்டையில கழுவ முடியுமா? அழகா இருக்குது, இருந்துட்டுப் போவட்டும்."

ஐயாவின் நிலைமைதான் பரிதாபம். "துண்டித்துவிடலாமா அம்மா?" என்று தொடங்கினார். உடனே தன்னையே மறுத்தார். "துண்டித்தால் சிறப்பு விருந்தினரும் போய்விடுவாரே. இவர்களையும் எப்படி… நல்வரவு என்று எழுதிவிட்டு எழுப்பி அனுப்புவதா?"

"யாரையும் கட் பண்ணல சார். வணக்கத்துக்குப் போற ஸ்பீட கம்மி பண்ணிடறேன். மெயில் போவும், வீடியோ போவாது. உள்ள இருக்கற உங்க ஆளுங்களுக்கு மட்டும் தனித்தனியா ஐ.டி. போட்டுடலாம். ஆனா…" – மேடம் அவரைப் பார்த்தார் – "பேரு கேக்கணும் சார்."

ஐயா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அரங்கை நோக்கி நடந்தார்.

எனக்கு இருந்த ஒரே கேள்வியை நடந்துகொண்டே கேட்டேன்: "மேடம், கலைச்செல்வி அக்கா?"

"அவங்களுக்கு இன்னா? அவங்க பேரு தனியா இருக்குதே. அந்த ஒரு பேருக்கு மொதல்ல வழி விடுனு சொன்னா, விட்டுடும். அந்தப் பொண்ணு சொன்ன மாதிரி வணக்கத்துல வந்திருந்தா, இந்த முந்நூறுல யாருனு தேடுவேன்? கூட்டத்துல யாருனு தெரிஞ்சாத்தானம்மா வழி விட முடியும்!"

செருப்பைக் கழற்றினார். உட்கார்ந்தார். சில வரிகளைத் தட்டினார். பச்சை விளக்குகள் முன்பு போலவே சிமிட்டின. ஏதோ நடந்துவிட்டது என்பதற்கு அங்கே எந்த அடையாளமும் இல்லை. "போய்ப் பாரு" என்றார்.

மொழி ஆய்வகத்துக்குத் திரும்பியபோது கதவு ஒருக்களித்திருந்தது. அக்கா திரைக்கு முன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். படம் அசைந்தது. அசைந்தது என்பதைவிட நல்ல செய்தி அன்று வேறில்லை. தேர்வாளர்கள் மூவரும் வர வெகுநேரம் ஆயிற்று. தொடங்கும்போதே ஐந்து மணியாகிவிட்டது. ஆறு என்று மேடம் எதற்காகப் போட்டார் என்பது எனக்கு அப்போது விளங்கியது.

நானும் அப்பாவும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே ஆங்கிலம், அவருக்கு அது புரியாது. நான் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டு வந்தேன். இலக்கணத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். நன்றாகச் சொல்கிறார். இப்போது, நாங்கள் தமிழே தெரியாத மாணவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், முதல் பாடம் நடத்துங்கள் என்கிறார்கள்.

பிறகு அக்காவின் குரல் தெளிவாக வந்தது: "வாங்க. உக்காருங்க. சாப்டீங்களா?"

மூன்று ஜெர்மன் குரல்கள், ஒன்றன்பின் ஒன்றாக, அழுத்தந்திருத்தமாக: "சாப்… டீங்… களா?"

அப்பா நிமிர்ந்தார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தார்.

"கேட்டிருக்குது பாப்பா" என்றார். "திருப்பிச் சொல்றாங்க பாரு. அப்ப இது சொன்னது அவங்களுக்கு கேட்டிருக்குது."

அதே நேரத்தில் கீழே அரங்கில் என்ன நடந்தது தெரியுமா? ஐயா ஒவ்வொரு வரிசையாகப் போய், "தங்கள் திருப்பெயர்?" என்று கேட்டிருக்கிறார். ஒருவரும் வருத்தப்படவில்லை. மாறாக, ஒவ்வொருவரும் பெயரோடு பட்டத்தையும், பட்டத்தோடு ஊரையும், ஊரோடு தாம் எழுதிய நூல்களையும் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். நாற்பது பேருக்குப் பதிவு முடிவதற்குள் ஒரு முழு அமர்வே போய்விட்டது. கருத்தரங்கின் மிகச் சிறந்த அமர்வு அதுதான் என்று பிறகு பலர் சொன்னார்கள்.

நான் இலக்கியம் படிப்பவள். விருந்தோம்பலைப் பற்றித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். திறந்த கதவு, மலர்ந்த முகம், எதையும் கேட்காத உள்ளம் என்றெல்லாம். பானுமதி மேடத்தின் முகம் அவ்வளவு மலர்ந்த முகம் என்று சொல்ல முடியாது. கேட்காமலும் அவர் எதையும் கொடுப்பதில்லை. ஆனால் அந்த மூன்று கேள்விகளை இப்போது மனத்துக்குள் சொல்லிப் பார்க்கிறேன். நீ யார்? உனக்கு இங்கே யார் இருக்கிறார்கள்? எவ்வளவு நேரம் இருப்பாய்? நம் வீட்டுக்கு வருபவரிடம் நாம் கேட்பவையும் இவைதாமே! எந்த ஊர், யார் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள், இருந்துவிட்டுத்தானே போவீர்கள் என்று. தட்டில் எத்தனை இட்லி வைப்பது என்பது வந்தவர் யார் என்று தெரிந்தவருக்குத்தான் தெரியும்.

சுவரோரம் இருந்தவர்களையும் மேடம் மறக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். மெயில் அனுப்ப முடிகிற அளவுக்கு அவர்களுக்கும் விட்டு வைத்திருந்தார். டவர் இல்லாத நாளில், பத்திரமாக இருக்கிறோம் என்று எத்தனை வீடுகளுக்குச் செய்தி போயிருக்கும்! தீபாவின் மயிலும் பொழுது சாயும் வரை வாசலில் தோகை விரித்தபடி இருந்தது. பொது பாஸ்வேர்டு அன்றோடு முடிந்தது. கோலத்தைக் காற்றும் கால்களும் தாமாகவே எடுத்துக்கொண்டு போயின.

இந்த வாரம் கலைச்செல்வி அக்கா வந்தார். வேலை கிடைத்துவிட்டது. தங்கள் நிலத்து மல்லாட்டையில் பிடித்த உருண்டைகள் ஒரு பெரிய டப்பா நிறைய. சொல்லாமலே செருப்பைக் கழற்றிவிட்டுச் சர்வர் ரூமுக்குள் நுழைந்தார். வந்திருக்கும் மெயிலை மேடத்துக்குக் காட்ட வேண்டும் என்று லேப்டாப்பைத் திறந்தார். உங்கள் அனுமதிக் காலம் முடிந்துவிட்டது என்றது திரை.

மேடம் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். "யாரு?"

"மேடம்! நான்தான்!" என்று சிரித்துக்கொண்டே அக்கா தன் முழுப் பெயரைச் சொன்னார்.

"யார் கூப்ட்டு வந்தீங்க?"

நான் வாயைத் திறந்தேன். மேடம் கையமர்த்தினார். அழைத்தவர் பெயருக்கான கட்டத்தில், எங்களைப் பார்க்காமலே, தன் பெயரைத் தட்டினார்.

"எது வரைக்கும்?"

"ஃப்ளைட் ஏர்ற வரைக்கும் மேடம்!"

அது மட்டும் நடக்கவில்லை. எத்தனை டப்பா மல்லாட்டை உருண்டை கொண்டுவந்தாலும், ஆறு மணி வரைதானாம்.